ஒன்பதாம் நாள் பச்சை

கேமரா வாங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைப் பார்த்தாலும் அது நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. படத்தில் நன்றாக வருமா என்றுதான் பார்ப்பேன். என் மனைவி இதை முதல் வருடமே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பதினான்கு வருடமாகச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. அங்கே படம் எடுக்க என்ன இருக்கிறது? கிரேன், இரும்பு, மறுபடியும் கிரேன். அதனால் வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வரும்போது காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் விழுவதுபோல விழுவேன். போன மார்கழியில் மனைவி, பன்னிரண்டு வயது மகள், நான் மூன்று பேருமாக வந்திறங்கினோம். கீழ்வேளூருக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். மழை விட்டிருந்தது. வயலில் தண்ணீர்தான் விடவில்லை. எங்கள் பக்கம் கடைமடை. மேலே பெய்வதெல்லாம் எங்களைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏறி நிற்கிற நாட்களில் அதுவும் போகாது, எங்களோடேயே தங்கிவிடும்.

அண்ணன் பன்னிரண்டு மா சாகுபடி செய்கிறார், அதாவது நாலு ஏக்கர். சொந்த நிலமில்லை, குத்தகை. அப்பா காலத்திலிருந்து வருவது. பத்திரம் கித்திரம் எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். நிலக்காரரைப் பெரியவர் என்றுதான் ஊரே கூப்பிடும். வெள்ளம் வந்த வருடங்களில் அவர் ஒரு காரியம் செய்வார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் வந்து நிற்பார். அப்பாவோ அண்ணனோ வயலில் இறங்கி ஒரு குத்து நாற்றைப் பிடுங்கி அவர் கையில் கொடுப்பார்கள். அவர் வேரை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். வேர் வெள்ளையாக இருந்தால் பயிர் தேறிவிடும். கறுத்து நாறினால், "இந்த வருசக் குத்தகை போவட்டும்" என்று சொல்லிவிட்டு, கையை வாய்க்காலில் கழுவிக்கொண்டு போய்விடுவார். அதற்கு வயல் பார்ப்பது என்று பெயர். அவ்வளவுதான் கணக்கு வழக்கு.

பெரியவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. இப்போது நிலம் அவர் மகன் பெயரில். ஊர் அவரைச் சின்னவர் என்கிறது. சின்னவர் அமெரிக்காவில் இருக்கிறார். அண்ணன் போன் போட்டு, ஒரு வாரமாகத் தண்ணீர் நிற்கிறது, பயிர் தேறாது என்று சொல்லியிருக்கிறார். "எனக்கு இங்கேருந்து என்ன தெரியும்? போட்டோ அனுப்புங்க. பார்த்துட்டு, குத்தகைக்கு என்ன பண்றது, நிலத்த தொடர்ந்து நீங்களே பண்றதா என்னான்னு ஒரு முடிவு சொல்றேன்" என்றிருக்கிறார் அவர். அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த நாலு ஏக்கரைத் தவிர அவருக்கு வேறு வேலையும் தெரியாது, வேறு இடமும் தெரியாது.

அண்ணனின் போன் கண்ணாடி உடைந்தது. அதில் எடுத்தால் மனிதனே புகை மாதிரி தெரிவான். "தம்பி வர்றான், பெரிய கேமரா வச்சிருக்கான்" என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார். நான் வந்து இறங்கிய மத்தியானமே, சாப்பிட்ட கையோடு, "ஒரு எட்டு வயலுக்குப் போயிட்டு வந்துருவமா?" என்றார்.

"இந்த வெயில்ல எடுத்தா தட்டையா இருக்கும்ண்ணே. காலையில எடுப்போம். லைட்டு அப்பதான் நல்லாருக்கும்."

"தட்டையா இருந்தா என்னடா?"

நான் அவருக்கு வெளிச்சம் பற்றிப் பாடம் எடுத்தேன். பக்கவாட்டு வெயில், நிழல், பனி மூட்டம், எதை விட்டேன்? அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அன்றைக்கு அந்தத் தட்டையான வெயிலில் போய் நாலு படம் எடுத்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வாடகைக்கு எடுத்த கார், நான்தான் ஓட்டினேன். அண்ணி பிளாஸ்க் நிறைய டீ போட்டுக் கொடுத்தார். மகள் பின் சீட்டில் போர்வையோடு வந்து படுத்து, படுத்த நிமிடமே தூங்கிப்போனாள். அண்ணன் குளித்து, விபூதி வைத்து, தேய்த்து மடித்த வெள்ளை வேட்டி சட்டையில் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"அழுவுன பயிரக் காட்டப் போறவரு மாப்பிள்ளையாட்டம் போறாரு பாரு" என்று அண்ணி வாசலில் நின்று, பின் சீட்டில் ஏறப்போன என் மனைவியிடம் சொன்னார்.

"நெலக்காரரு பாக்கப் போற படம். கைலியோடயா நிக்கறது?" என்றார் அண்ணன்.

வயல் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். நேராகப் போயிருந்தால் ஐந்து நிமிடம். நான் நேராகப் போகவில்லை. ஆற்றங்கரைச் சாலை வழியாகச் சுற்றிப் போனால் பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கண்ணுக்கெட்டியவரை தண்ணீர் நின்றது. வானம் வெளுக்க வெளுக்க அதுவும் வெளுத்தது. எங்கே வரப்பு, எங்கே வாய்க்கால் என்று தெரியாமல் எல்லாம் ஒரே ஏரியாகக் கிடந்தது. மின்கம்பங்கள் தண்ணீரில் தலைகீழாக இன்னொரு வரிசை நின்றன. ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. நான் நூறடிக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தினேன்.

நான் இறங்கும்போதெல்லாம் அண்ணனும் இறங்குவார். நான் தூரத்தைப் பார்ப்பேன், அவர் காலடியைப் பார்ப்பார். திரும்பி வண்டியில் ஏறியதும் அந்த வயல் யாருடையது, என்ன ரகம், எத்தனை நாள் முழுகிக் கிடக்கிறது என்று என் மனைவியிடம் சொல்லுவார். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "இது ரெண்டாந்தரம் நட்டது. நாத்து கெடைக்காம பேராவூரணிப் பக்கம் போயி வாங்கியாந்தான். அதுவும் போச்சு." என் மனைவி 'அடடா' என்றாள். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம வயலுக்குப் போவமா?" என்று முதலில் கேட்டார். கொஞ்சம் கழித்து, "வெயில் ஏறிடப்போவுது" என்றார். மூன்றாவது முறை வாட்சை மட்டும் பார்த்தார். அண்ணன் எதையும் இரண்டு முறைக்கு மேல் கேட்கிறவர் இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்துதான் இன்னும் இரண்டு இடத்தில் நிறுத்தினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சூரியன் பனை உயரத்துக்கு வந்திருந்தது. ஒன்பது நாளாக மூழ்கிக் கிடந்த பயிர் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தலை நீட்டியிருந்தது. இரவில் தண்ணீர் கொஞ்சம் வடிந்திருக்கிறது. நாலு விரல் உயரத்துக்குப் பச்சை நுனிகள், நாலு ஏக்கரும், ஒவ்வொரு நுனிக்கும் கீழே தண்ணீரில் அதன் நிழல். மேலே மெல்லிய பனி. அதற்குள் புகுந்து வெயில் படுத்துக்கொண்டு வருகிறது. உண்மையைச் சொல்வதென்றால், என் வாழ்நாளில் அவ்வளவு அழகான வயலை நான் பார்த்ததில்லை.

மகள் எழுந்து போர்வையோடு வந்து வரப்பில் நின்றாள். "சூப்பரா இருக்கே பெரியப்பா! இதுவா போச்சுன்னீங்க?"

"பாக்கப் பச்சையாத்தாம்மா இருக்கும்" என்றார் அண்ணன். "அடியில உசுரு இல்ல. ரெண்டு வெயில் அடிச்சா வைக்கோலாயிடும்."

செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பத்தடி உள்ளே போய்க் குனிந்து ஒரு குத்தைப் பிடித்தார். பிடுங்கவே வேண்டியிருக்கவில்லை, தொட்டதும் வந்துவிட்டது. நடுக்குருத்தை இரண்டு விரலால் இழுத்தார். சோற்றில் கிடக்கும் முடியை எடுப்பதுபோல உருவிக்கொண்டு வந்தது. வேர் கறுத்து, வழவழவென்று. வரப்பில் நின்ற எனக்கே நாற்றம் வந்தது. அந்தக் குத்தை நெஞ்சுக்கு நேராக, வேர் தெரியும்படி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, கேமராவைப் பார்த்தார். பெரியவர் வரப்பில் நின்றிருந்தால் அவரிடம் எப்படிக் காட்டுவாரோ அப்படி.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க. பிரேம்ல வர்றீங்க."

இதை நான்தான் சொன்னேன். வேறு யாரோ சொன்னதாக மாற்றி எழுத முடியுமா என்றுகூட யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அவர் தள்ளிக்கொண்டார். ஓரமாகப் போய், அந்தக் குத்தைக் கையில் பிடித்தபடியே நின்றார். நான் குனிந்தும், உட்கார்ந்தும், வரப்பில் படுத்தும் எடுத்தேன். இருபது நிமிடம் இருக்கும். அவர் கீழே போடவில்லை. கறுப்புத் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. என் மனைவி என் தோளைத் தொட்டு, "ஏங்க, மாமா நின்னுக்கிட்டே இருக்காங்க" என்ற பிறகுதான் அவர் பக்கம் திரும்பினேன். நின்ற இடத்திலிருந்தே இரண்டு படம் எடுத்தேன். சூரியன் அவருக்குப் பின்னால் இருந்தது. முகமும் கறுப்பு, நாற்றும் கறுப்பு, வேரும் கறுப்பு. எடுத்த நிமிடமே எனக்குத் தெரியும். மறுபடி எடுக்கலாம் என்று தோன்றியது. பசித்தது.

"போதுமாடா?" என்று கேட்டார்.

"போதும்ண்ணே. சூப்பரா வந்திருக்கு."

மெயின் ரோட்டில் டிபன் கடை. தோசை வரும் வரைக்கும் படங்களைப் போனுக்கு மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயல் படம் நன்றாக வந்திருந்தது. ஆனால் நுனிகளில் லேசாக ஒரு மஞ்சள். அது என் கண்ணை உறுத்தியது. பச்சையைக் கொஞ்சம் ஏற்றினேன். விரலை ஒரு அங்குலம் தள்ளினால் ஏறிவிடும், அதற்கு உரமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். நாலு ஏக்கரும் என் உள்ளங்கையில் பச்சைப் பசேலென்று எழுந்து நின்றது. 'நம்ம ஊரு, நம்ம வயல்' என்று எழுதி ஸ்டேட்டஸ் போட்டேன். சாம்பார் வருவதற்குள் பதினொரு பேர் பார்த்துவிட்டார்கள்.

"அவருக்கு அனுப்ப வேண்டியத அனுப்பிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"வீட்டுக்குப் போய் அனுப்பலாம். இங்க சிக்னல் இல்ல" என்றேன். ஸ்டேட்டஸ் போட மட்டும் சிக்னல் இருந்தது.

வீட்டுக்குப் போனேன், தூங்கினேன், மத்தியானம் அந்த இரண்டு கறுப்புப் படங்களையும் அண்ணன் போனுக்கு அனுப்பி, அங்கிருந்து சின்னவருக்கு அனுப்ப வைத்தேன். சின்னவர் நம்பர் என் போனிலும் உண்டு. என் நம்பர் அவர் போனிலும் உண்டு. இரண்டு வருடம் முன்னால் ஏதோ பொங்கல் வாழ்த்துக்காக நானே வலியப் போய் வாங்கியது. 'நமக்கும் பெரிய இடத்துல பழக்கம்' என்று பெருமையடித்துக்கொள்ள. அது நினைவிலேயே இல்லை.

சாயந்திரம் அண்ணன் போனுக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது. கூடத்தில் எல்லோரும் இருந்தோம். அண்ணன் சத்தமாக வைத்தார்.

"அண்ணே, வணக்கம். இங்க நேத்து ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உங்க தம்பி ஸ்டேட்டஸ் பார்த்தேன். நம்ம வயல்னு போட்டிருந்தாரு. பயிர் பிரமாதமா இருக்கு. என் வைஃப்கிட்டகூடக் காட்டினேன். காலையில எழுந்து பார்த்தா நீங்க ரெண்டு போட்டோ அனுப்பியிருக்கீங்க. அது எந்த வயல்ல புடுங்குனதுன்னு எனக்குத் தெரியல. நான் கேக்கவும் போறதில்ல. இந்த வருசக் குத்தகைய நீங்களே வச்சுக்குங்க, உங்களுக்குக் கஷ்டம்னா நேராவே கேட்டிருக்கலாம். அப்பா உங்கள ரொம்ப நம்புனாரு. சித்திரையிலேருந்து நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை. அண்ணன் மறுபடியும் ஒரு முறை வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம், "ஸ்டேட்டஸ்னா என்னடா?" என்று கேட்டார்.

காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். படத்தின் வலது ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது, அவர் சட்டைக் கை. நான் வெட்டியும் மிச்சமாகிவிட்டது. அதைத் தொட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார்.

அண்ணி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராத்திரி எப்போதும்போல எனக்குத்தான் முதலில் தட்டு வைத்தார்.

நான் சும்மா இருக்கவில்லை, சின்னவருக்குப் போன் போட்டேன். நிறத்தை ஏற்றியது நான்தான் என்று சொன்னேன். ஏற்றாத படத்தை அனுப்பினேன். அதுவும் பச்சையாகத்தான் இருந்தது, அன்றைக்குப் பயிரே அப்படித்தானே இருந்தது. அடியில் செத்ததைக் கேமரா எப்படிக் காட்டும்? "தம்பி, உங்க அண்ணனுக்காக நீங்க பேசறீங்க. நியாயம்தான். லீவுக்கு வந்திருக்கீங்க, என்ஜாய் பண்ணுங்க" என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. யார் மேல் காட்டுவது?

இரண்டு நாள் வெயில் அடித்தது. அண்ணன் சொன்னதுபோலவே நாலு ஏக்கரும் வைக்கோலாகிச் சேற்றில் படுத்துவிட்டது. உச்சி வெயிலில் தனியாகப் போய், தட்டையாக, வெட்டாமல், ஏற்றாமல் முப்பது படம் எடுத்தேன். எல்லாவற்றையும் சின்னவருக்கு அனுப்பினேன். 'ரெண்டு நாள்ல இப்படி ஆகுமா?' என்று ஒரே ஒரு வரி வந்தது. ஆகும் என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது. அதற்கப்புறம் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. பெரியவராக இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

மறுபடி போன் போடுகிறேன், ஊரில் நாலு பேரைப் பேச வைக்கிறேன் என்று குதித்தேன். அண்ணன்தான் நிறுத்தினார்.

"விடுடா. நான் பொய் சொல்றவன்னு அவரு நெனச்சாச்சு. இனிமே அந்த மண்ணுல எறங்குனா எனக்கே என்னமோ திருட வந்த மாதிரி இருக்கும்."

அதற்கு மேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அண்ணியின் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அங்கே செக்யூரிட்டிக்கு ஆள் கேட்கிறார்களாம், அண்ணனைப் பொங்கல் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். அண்ணன் வழக்கமாக அந்த வயலில்தான் தையில் உளுந்து தெளிப்பார். போன வருட உளுந்திலிருந்து விதைக்கென்று எடுத்துவைத்த ஒரு தகர டின் பரணில் இருந்தது. ஒருநாள் காலையில் அண்ணி அதை இறக்கி இட்லிக்கு ஊறப்போட்டார். நான் அந்த இட்லியைச் சாப்பிட்டேன்.

நாங்கள் கிளம்பும் நாளில் அண்ணனும் எங்களோடு தஞ்சாவூர் வரைக்கும் வந்தார். அங்கே பஸ் பிடித்துத் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. அதே கார், அதே முன்சீட்டு. போகும் வழியெல்லாம் தண்ணீர் வடிந்து வயல்கள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. கேமரா டிக்கியில் இருந்தது. நான் எங்கேயும் நிறுத்தவில்லை. இந்த முறை அவரும் யார் வயல், என்ன ரகம் என்று சொல்லவில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டு நெருங்கும்போது திடீரென்று சொன்னார். "அந்தப் படத்தப் பெருசா ஒன்னு போட்டுக் குடுத்துட்டுப் போயேன்."

"எந்தப் படம்?"

"அதான், ஸ்டேட்டஸ்ல போட்டியே."

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். அத்தனை நாளும் அதற்காகத்தான் காத்திருந்தேன்போல. "அண்ணே, நாலு அடி வேணும்னாலும் அடிச்சிருங்க" என்றேன். பின் சீட்டில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இல்லடா, நெசமாத்தான் கேக்கறேன்" என்றார். "திருப்பூருக்கு எடுத்துட்டுப் போறேன். நம்ம வயல்ல இந்த வருசம் பயிரு நின்னது அதுல மட்டுந்தானே."

ஒரு ஸ்டூடியோவுக்குள் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் என் போனிலிருந்து படத்தை வாங்கித் திரையில் போட்டார். அண்ணன் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஸ்டூடியோக்காரர் படத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், "நல்ல பயிர் சார், எந்த ஊரு?" என்றார். பிறகு வலது ஓரத்து வெள்ளைப் புள்ளியைக் காட்டி, "இது என்னமோ குறுக்க வருது, எடுத்துடவா?" என்றார்.

"அது இருக்கட்டும்" என்றேன்.

"சரி சார். பிரிண்ட்ல கலர் கொஞ்சம் டல்லாத்தான் விழும். பச்சைய இன்னும் கொஞ்சம் ஏத்திடவா?"

திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார்.

"ஏத்துங்க" என்றேன்.